சகலைக்காக வெட்டிய காலணா

பழிவாங்குவதில் எனக்குப் பொறுமை அதிகம். பயப்படுவதில்தான் அவசரக்காரன். இந்த இரண்டு குணமும் ஒரே ஆளிடம் குடியிருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தருமபுரியில் வாடகைக் கார் ஓட்டிய காலத்தில் தெரிந்துகொண்டேன். யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. பெட்ரோலுக்குக் கூப்பன் கிடையாது. கரி அடுப்பைக் காரின் முதுகில் கட்டிக்கொண்டு புகையோடு ஊர்வலம் போகவேண்டிய தலையெழுத்தும் அப்போது இல்லை. ஊரில் வாடகைக்கு ஓடியவை இரண்டே கார்கள். ஒன்று என்னுடையது. மற்றது என் சகலையுடையது.

சகலை என்றால் என் மனைவியின் அக்காள் புருஷன். வயதில் என்னைவிட மூன்று மாதம் சின்னவன். ஆனால் மூத்தவளைக் கட்டிக்கொண்டதால் உறவில் பெரியவனாகிவிட்டான். நேரில் பார்த்தால் நான் அவனை 'வாங்க, உக்காருங்க' என்று சொல்லியாக வேண்டும். இங்கே எழுதும்போது மட்டும் அவன், இவன் என்றே எழுதப்போகிறேன். பேனா பிடித்தவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி?

சண்டை ஒரு கல்யாண சவாரியில் ஆரம்பித்தது. பாலக்கோட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் பெண்ணை அழைத்துப்போக என் காரைத்தான் பேசியிருந்தார்கள். விடிந்ததும் காரைக் கழுவி, முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு, நானும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு தெருமுனையில் காத்திருந்தேன். என் சகலை நேராகப் பெண் வீட்டுக்குப் போய், "அவனுக்கு அம்மை போட்டிருக்குதுங்க. முத்து முத்தா ஏறியிருக்குது. பொண்ணு ஏறுற வண்டி பாருங்க" என்று சொல்லியிருக்கிறான். பெண் வீட்டார் பதறிப்போய் அவன் காரில் ஏறிவிட்டார்கள். அவன் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு என் எதிரிலேயே ஹாரனை அமுக்கியபடி போனான். கல்யாணப் பெண் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து இரக்கத்தோடு கன்னத்தில் போட்டுக்கொண்டது. அன்று மத்தியானம் தெருப் பெண்கள் வேப்பிலையும் இளநீரும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அம்மை போட்ட ஆள் வாசலில் நின்று வாழைக்கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

அதோடு விட்டானா? மாமனார் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

"இந்த ஓட்டை வண்டியெ வித்துப்போட்டு எங்கிட்ட டிரைவரா வந்துரு. ரெண்டு வேள சோறு, வருசத்துக்கு ரெண்டு வேட்டி. நம்ம சகலைன்னு ஒரு சலுக."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவனை என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

இண்டூருக்கு அப்பால் ஒரு முனியப்பன் கோயில் இருக்கிறது. அநியாயம் செய்தவனைச் சாமியிடம் ஒப்படைக்க நினைப்பவர்கள் அங்கே போய்க் காசு வெட்டிப்போடுவார்கள். சாமிக்கு எதிரில் கல்லில் ஒரு காசை வைத்து, மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லி, உளியால் இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். மற்றவர்கள் வெள்ளிக்காசு கொண்டுபோவார்கள். நான் காலணா கொண்டுபோனேன். பூசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதிராளி ரொம்பச் சின்ன ஆளுங்களா?" என்றார்.

"ஆளு பெருசுதானுங்க. நான்தான் சின்ன ஆளு."

"என்னா வேணும்னு சொல்லு. நல்லா சத்தமாச் சொல்லு."

"என் சவாரியெ எடுக்கறவன் கை கால் வெளங்காமப் போகணும்!" என்று கத்தினேன்.

உளி விழுந்தது. காலணா இரண்டானது. கிளம்பும்போது பூசாரி விரல் நீளத்துக்கு ஒரு செப்புத் தகட்டைச் சுருட்டி, மஞ்சளும் கறுப்பும் முறுக்கிய கயிற்றில் கோத்துக் கையில் கொடுத்தார். "அவனும் சும்மா இருக்கமாட்டான். திருப்பி எதாச்சும் ஏவி உடுவான். இத வண்டியில கட்டிக்க. ஒண்ணும் அண்டாது." அந்த இரட்டை நிறக் கயிறு அந்தக் கோயிலில் காசு வெட்டியவனுக்கு மட்டும்தான் கிடைக்கும். எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்தால் தெரியாதவர்கள் இல்லை. வெளியே தொங்கவிட்டால் என் மனைவி கேட்பாள். அவளுக்குத் தெரிந்தால் அரை மணி நேரத்தில் அவள் அக்காளுக்குத் தெரியும். ஆகவே பானெட்டைத் தூக்கி, எஞ்சினின் இடப் பக்கத்தில் கைக்கு அகப்பட்ட ஒரு ஒயரில் கண்ணை மூடிச் சாமியை வேண்டியபடியே கட்டிவிட்டேன். கண்ணைத் திறந்துகொண்டு கட்டியிருந்தால் இதை எழுதவேண்டிய வேலை இருந்திருக்காது.

மூன்றாம் நாள் அந்த விளக்கு எரிந்தது.

அது என்ன விளக்கு என்று சொல்லவேண்டும். மற்றக் கார்களில் எஞ்சின் எண்ணெய்க்கு ஒரு முள் இருக்கும். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் முள் இறங்கும். நான் சேலத்தில் வாங்கிய அமெரிக்கக் காரில் முள்ளுக்குப் பதிலாக இலந்தைப்பழம் போல ஒரு சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பினால் எரியும். எஞ்சின் ஓட ஆரம்பித்து எண்ணெய் மேலே ஏறியதும் அணைந்துவிடும். ஓடுகிற வண்டியில் அது எரிந்தால் எண்ணெய் ஏறவில்லை என்று அர்த்தம். அதற்குமேல் ஓட்டினால் பேரிங் தீய்ந்து எஞ்சின் இறுகி, கார் இரும்புக் கடைக்குத்தான் போகும். விற்றவர் இதைச் சொல்லிவிட்டு, "இது எரிஞ்சா மட்டும் யோசிக்காதீங்க, நிறுத்திடுங்க" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. இண்டூர் ரோட்டு வளைவில் விளக்கு கண்ணைச் சிமிட்டியதும் சாவியை அணைத்து, கதவைத் திறந்து, வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டேன். உள்ளே ஒரு ரிஜிஸ்திரார் ஆபீஸ் குமாஸ்தா இருந்தார். கார் அவரைச் சுமந்துகொண்டு தன்பாட்டுக்கு உருண்டு போய் ஒரு புளியமரத்தில் மெதுவாகச் சாய்ந்து நின்றது. ஓடிப்போய் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினேன். எண்ணெய் நிறைய இருந்தது. குமாஸ்தா இறங்கினார். "நான் நடந்தே போயிக்கிறேனுங்க" என்றார். அவர் போகவேண்டிய இடம் எட்டு மைல் தள்ளி இருந்தது.

அப்புறம் அது வரும், போகும். நேர் ரோட்டில் சாதுவாக இருக்கும். இடது பக்கம் திரும்பினாலோ, இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ எரியும். நான் கம்பியை உருவிப் பார்ப்பேன்; எண்ணெய் இருக்கும். இருந்தாலும் பயத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன். அளவுக்கு மேல் குடித்த எஞ்சின் பின்னால் நீலப் புகை விட்டது. பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர் ஒருவர், "ஏனுங்க, உள்ள எதாச்சும் வறுக்கிறீங்களா?" என்று கேட்டார். கடைசியில் இடது பக்கம் திரும்புவதையே நிறுத்திவிட்டேன். கடைவீதியில் இருந்து என் வீட்டுக்கு இடது பக்கம் ஒரே ஒரு திருப்பம். நான் மூன்று முறை வலது பக்கம் திரும்பி ஊரைச் சுற்றி வீடு வந்தேன்.

இது எண்ணெய்க் கோளாறு இல்லை, சகலையின் ஏவல்தான் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. நான் காசு வெட்டியது அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பெரிய காசாக வெட்டிவிட்டான். அவனுக்கோ கை கால் நன்றாகவே விளங்கிக்கொண்டிருந்தது. புது டயர் வேறு போட்டிருந்தான். நான் போய்ப் போய்த் தாயத்துக் கயிற்றில் முடிச்சை இறுக்கினேன். இறுக்க இறுக்க விளக்கு அதிகமாக எரிந்தது. அவன் ஏவல் எவ்வளவு பலம் பாருங்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கடத்தூர் மண்டி முதலாளி ஒருவருக்கு வருஷம் முழுக்க ஒரு கார் தேவைப்பட்டது. நிலக்கடலையும் புளியும் வாங்குகிறவர். சந்தை சந்தையாகப் போகவேண்டும். அந்தச் சவாரி கிடைத்தால் என் கார் பிழைக்கும். கிடைக்காவிட்டால் காரை விற்கவேண்டியதுதான். அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரே தொழிலுக்கு ஊரில் மிச்சம் இருக்கும் ஒரே கார் சகலையுடையது. வருஷத்துக்கு இரண்டு வேட்டி.

முதலாளி என் பக்கம்தான் சாய்ந்திருந்தார். சகலை போய் விளக்கு விஷயத்தை ஊதிவிட்டான். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"உன் வண்டியில செவப்பு வெளக்கு எரியுதாமே?"

"எப்பவாச்சும்தானுங்க."

"எப்பவாச்சும்னா நடுக் காட்டுல நான் எறங்கி நிக்கணுமா? இங்க பாரு. அடுத்த மாரண்டஹள்ளி சந்தைக்கு உன் வண்டியில வரேன். வெளக்கு எரியலன்னா வருசம் பூரா நீதான். எரிஞ்சா அவரு வண்டி. பேச்சு மாறமாட்டேன்."

"நானும் கூட வரனுங்க முதலாளி. வெளக்கெ பாத்துக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல?" என்றான் பக்கத்தில் நின்ற சகலை.

நாலு நாள் இருந்தது. பாயிடம் ஓடினேன். பாய் என்றால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். காஸ் விளக்கில் இருந்து மில் எஞ்சின் வரை எதையும் பார்ப்பார். அவர் பட்டறையில்தான் சகலை தினமும் வந்து பீடி குடிப்பான் என்பதால், காரைக் கொண்டுபோகும் முன் தாயத்தை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன். டாக்டரிடம் போகிறவன் புண்ணை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல.

பாய் காரைச் சுற்றி வந்தார். "எப்பெப்ப எரியுது?" என்றார். இடது திருப்பத்தைச் சொன்னேன், பள்ளத்தைச் சொன்னேன். "புதுசா வண்டியில எதாச்சும் பண்ணுனியா? எதாச்சும் மாத்துனியா, கட்டுனியா?"

"ஒண்ணுமே பண்ணல பாய்," என்றேன். இடுப்பில் செப்புத் தகடு குத்தியது.

அவர் வேலை செய்த விதத்தை இன்றும் மெச்சுகிறேன். எஞ்சினின் இடப் பக்கத்தில், எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்து விளக்குக்குச் சொல்கிற சின்னப் பொத்தான் மாதிரி ஒரு சாமான் இருக்கிறது. அதன் தலையில் ஒரே ஒரு ஒயர். அந்த ஒயரை விரலால் தடவிக்கொண்டே விளக்கு வரைக்கும் போனார். எங்கும் தோல் உரியவில்லை. பிறகு தெரிந்த அரிசி மில்லில் இருந்து அழுத்தம் காட்டும் மீட்டரை இரவல் வாங்கிவந்து, பித்தளையில் ஒரு துண்டு கடைந்து, அந்தப் பொத்தானுக்குக் கீழேயே மீட்டரையும் சேர்த்து முடுக்கினார். மீட்டரை முன் கண்ணாடிக்கு அருகே கயிற்றால் கட்டினார். இரண்டு பேரும் இண்டூர் வரை போய் வந்தோம். இருக்கிற பள்ளத்தில் எல்லாம் இடது சக்கரத்தை இறக்கச் சொன்னார். முள் அசையவில்லை. விளக்கும் எரியவில்லை. இன்ஸ்பெக்டர் வந்த நாளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருப்பதுபோல என் கார் அத்தனை ஒழுக்கம்.

"எண்ணெய் நல்லாருக்குது, பம்பு நல்லாருக்குது," என்றார் பாய். "எஞ்சினுக்குக் கோளாறு இல்ல. அந்த ஒயர் எங்கியோ இரும்புல படுது. பட்டா எரியும், படாட்டி அணையும். ஆனா எங்கெ படுதுன்னு எனக்குக் காட்டமாட்டேங்குது. ஒண்ணு செய். எரியறப்ப நீ எப்பவும் போல ஆடாத. சாவியெ அணைக்காத. எரிய உட்டுட்டு, அப்படியே எறங்கி பானெட்டெத் தூக்கிப் பாரு. எரியறப்பதான் ஆளு புடிபடுவான்."

வீட்டுக்கு வந்ததும் தாயத்தை மறுபடியும் கட்டினேன். பந்தயம் அல்லவா? இரண்டு முடிச்சு கூடவே போட்டேன்.

சந்தை நாளன்று பல்பைக் கழற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எனக்கு முன்பே சகலை அதை நினைத்திருந்தான். வந்து ஏறியதும், "சாவியெப் போட்டதும் வெளக்கு எரியுதான்னு பாத்துக்குங்க முதலாளி. சில பேரு பல்பெப் புடுங்கிருவாங்க" என்றான். முன் சீட்டில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அதுவரை நான் அவனை வெறுத்ததெல்லாம் ஒத்திகைதான் என்று அப்போது தோன்றியது.

பாலக்கோடு தாண்டும் வரை விளக்கு எரியவில்லை. என் பிராணன் மட்டும் போய்ப் போய் வந்தது. அப்புறம் ஒரு ஓடை. தரைப்பாலத்தில் இறங்கும்போது எதிரே வந்த பாரவண்டிக்கு ஒதுங்கினேன். இடது சக்கரம் குழியில் இறங்கி வண்டி அப்படியே சாய்ந்து நின்றது.

"எரியுதுங்க முதலாளி!" என்றான் சகலை. பிள்ளை பிறந்த செய்தி சொல்பவன் முகம்.

என் கை சாவிக்குப் போய்விட்டது. பாய் சொன்னது ஞாபகம் வந்து கையைக் கையாலேயே பிடித்துக்கொண்டேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்க, இறங்கினேன். பாய் கணக்கில் தப்பு இருந்தால் இந்த நிமிஷமே பேரிங் தீய்கிறது. பானெட்டைத் தூக்கினேன்.

என் தாயத்து கிடந்தது. எண்ணெய் ஊறிக் கயிறு தொய்ந்து, செப்புத் தகடு பொத்தானின் தலையில் ஒரு முனையும் எஞ்சின் இரும்பில் மறு முனையுமாக, தலையணை போட்டுப் படுத்தது போலச் சுகமாகக் கிடந்தது. விரலால் அதைத் தூக்கினேன்.

"அணைஞ்சிருச்சு!" என்றார் உள்ளே இருந்த முதலாளி.

விட்டேன். "எரியுது!" தூக்கினேன். "அணைஞ்சிருச்சு!" எனக்கு அழுகையும் சிரிப்பும் வந்தன. எந்த ஏவலும் இல்லை. அவனைக் கெடுக்க வாங்கிய சாமான் என்னைத்தான் இத்தனை நாள் ரோட்டில் குதிக்க வைத்திருக்கிறது. நான் சாமிக்குக் கொடுத்த காலணாவுக்குச் சாமி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

அதற்குள் சகலை என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டான். மஞ்சளும் கறுப்புமாக முறுக்கிய கயிறு. வாயில் இருந்த பீடி கீழே விழுந்தது.

"இது... முனியப்பன் கோயில் கவுறு," என்றான். "யாருக்கு வெட்டுன?"

எஞ்சினுக்குப் பழுதில்லை, முதலாளியிடம் விளக்கிச் சொன்னால் கேட்பார், பொய் சொல்லித் தப்பிக்கலாம் என்றெல்லாம் மூளை சொல்லிக்கொடுத்தது. ஆனால் அவன் முகம் வெளிறிப்போவதைப் பார்த்தேன். அதற்காக எதையும் இழக்கலாம் என்று இருந்தது.

"உங்களுக்குத்தானுங்க," என்றேன், மரியாதையாக.

முதலாளி இறங்கி வந்து பார்த்தார். தாயத்தைத் தொட்டுப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லன்னு கண்ணால பாத்துட்டேன். ஆனா பேச்சு பேச்சுதான். வெளக்கு எரிஞ்சிருச்சு. வருசத்துக்கு இவரு வண்டிதான்," என்று சகலையைக் காட்டினார்.

போயிற்று என் கார். ஆனால் சகலை முதலாளியைப் பார்க்கவே இல்லை.

"என்னான்னு சொல்லி வெட்டுன?"

"என் சவாரியெ எடுக்கறவன் கை கால் வெளங்காமப் போகணும்னுதானுங்க. சத்தமாத்தான் சொன்னேன்."

அவன் தன் வலது கையைப் பார்த்தான். பானெட்டின் ஓரத்தில் ஊன்றியிருந்த கை. மடக்கினான், நீட்டினான்.

"மரத்துப்போச்சு," என்றான்.

"ஊணிக்கிட்டு நின்னா யாருக்கும் மரத்துத்தான் போகும்," என்றார் முதலாளி.

"எனக்கு வேண்டாங்க முதலாளி. இவனோட சவாரி எனக்கு வேண்டவே வேண்டாம். எனக்கு வேற வேல இருக்குதுங்க."

"அட, வருசம் பூரா சவாரிய்யா!"

"ஐயோ, வேண்டாங்க!"

அவன் அதற்குமேல் என் காரில் ஏறவும் மறுத்துவிட்டான். மாரண்டஹள்ளி வரை மிச்சமிருந்த தூரத்தை வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நடந்துபோய், அங்கிருந்து பஸ் ஏறினான். வேறு கார் இல்லாததால் முதலாளிக்கு நான்தான் கிடைத்தேன். "உன் வண்டியெ நம்பி வரல. நீ வெட்டுன காசுக்குப் பயந்து ஒருத்தன் ஓடுறான், நீ அதவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி. வேகமா ஓட்டமாட்டே. அதுக்காக வரேன்," என்றார்.

பாயிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு என்னைப் பட்டறையைச் சுற்றித் துரத்தினார். "புதுசா எதாச்சும் கட்டுனியான்னு கேட்டனா இல்லியா? மில்லுக்காரன்கிட்ட மீட்டர் கேட்டு நான் எத்தன கும்புடு போட்டேன் தெரியுமா?"

வெட்டிய காசை மீட்க ஒரு வழி உண்டு. வெட்டியவனும் வெட்டப்பட்டவனும் சேர்ந்து போய்ச் சாமிக்கு முன்னால் நின்று, வெட்டியவன் தன் வாயால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வெட்டியவன் வராவிட்டால் ஒன்றும் நடக்காது. இதைக் கேள்விப்பட்டதும் சகலை என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பெரிய பலாப்பழம்.

"எப்பப் போலாம்?"

"அமாவாசை கழியட்டுங்க," என்றேன்.

அமாவாசை கழிந்து வந்தான். ஒரு குடம் தேன். வத்தல்மலையில் இருந்து சொல்லி வரவழைத்தானாம். கால் சுளுக்கிக்கொண்டு நொண்டியபடி வந்தான். எனக்கு ஒரு கணம் பகீர் என்றது. காலணா உண்மையிலேயே வேலை செய்துவிட்டதோ, இவன் விழுந்தால் பழி என் தலையிலோ என்று பயந்தேன். விசாரித்தேன். மாட்டுத் தொழுவத்தில் வழுக்கி விழுந்தானாம். என் பயம் போனது. தேன் உள்ளே போனது.

"சீக்கிரம் போயிரலாம், என்னா?" என்றான்.

"ராகி அறுப்பு முடியட்டுங்க. அப்புறம் நிம்மதியாப் போலாம்."

அவன் தலையாட்டிக்கொண்டு போனான். அவனுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. எனக்கும் கிடையாது.